மாடல் நிரந்தரம் செய்யப்படுகிறது

எங்கள் கல்லூரியில் தவறு என்று எதுவும் நடந்ததில்லை. நடந்த எல்லாவற்றுக்கும் கோப்பு இருக்கிறது. கோப்பில் தவறு இருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அதை எழுதுகிறவன் நான். பெயர் அப்துல் சமத், அலுவலகக் கண்காணிப்பாளர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை மறந்துவிட்டு மேலே படித்தால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

போன ஜூன் வரைக்கும் அபிராமபுரம் சித்திரக் கல்லூரி என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார். ஜூனில் தரமணி கம்பெனி ஒன்றிலிருந்து டாக்டர் ஹம்சினி வந்து சேர்ந்தார். முதல்வர் பதவி அன்றோடு ஒழிந்து இயக்குநர் பதவி பிறந்தது. கல்லூரியும் 'அபிராமபுரம் கலை நுண்ணறிவு அனுபவ மையம்' ஆனது. இப்போது ஆட்டோக்காரர்கள் எங்களைத் தேடி வருகிறவர்களைப் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுகிறார்கள்.

கலைக்கல்வியைப் புதுத் தொழில்நுட்பத்துக்கு மாற்றியே தீருவது என்று இயக்குநர் வந்திருந்தார். பென்சில் 'மரபுக் கருவி' ஆனது. ரப்பர் 'அண்டூ' ஆனது. செய்கிற ஒவ்வொரு படைப்புக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று களிமண் பிரிவுக்குச் சுற்றறிக்கை போனது. பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். ஒவ்வொரு பானைக்கும் அதே மாதிரி இன்னொரு பானை செய்து, மேலே 'பேக்கப்' என்று ஆணியால் கீறி வைத்தார்கள். வராந்தாவில் கால் வைக்க இடமில்லாமல் போனது. வாசலில் முகத்தைப் பார்த்து வருகை போடும் இயந்திரம் ஒன்று வந்தது. அது எதிர்ச்சுவரில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் தலைகளுக்கும் சேர்த்து வருகை போட்டது. காலமான முதல்வர்கள் மூன்று பேர் அந்த மாதம் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. மாத அறிக்கையில் இயக்குநர் அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தார்.

பிறகு ஈசல் விவகாரம். படம் வரையும்போது பலகையைச் சாய்த்து வைக்கும் முக்காலி இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் ஈசல் என்போம். இணையதளத்தில் இனிமேல் எல்லாமே தமிழில்தான் பதிய வேண்டும் என்று உத்தரவு. நானும் 'ஈசல் 64, அனைத்தும் பழுது, ஆவன செய்க' என்று பதிந்தேன். நாலாம் நாள் முகமூடி போட்ட மூன்று பேர் முதுகில் மருந்து டப்பாவோடு வந்து ஓவிய வகுப்பு முழுக்கப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். இணையதளத்தில் 'ஈசல்கள் முற்றிலும் ஒழிக்கப்பட்டன, இருப்பு: 0' என்று பச்சை விளக்கு எரிந்தது. இருப்பே இல்லாத பொருளுக்குப் பழுது பார்க்க வழியில்லை. பிள்ளைகள் இன்றைக்கும் மடியில் பலகையை வைத்துக்கொண்டுதான் வரைகிறார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டினோம். 'மாடல்' என்ற வார்த்தை வரும் வரைக்கும்.

எங்கள் கல்லூரியில் மாடல் என்றால் ஒரே ஒருவர்தான். வெள்ளைச்சாமி. வயது ஐம்பத்தாறு. பெயருக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. கோடம்பாக்கத்தில் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தவரைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஓவியப் பேராசிரியர் குருபிரசாத் அழைத்து வந்தார். இடுப்பில் ஒரு துண்டோடு மேடையில் ஏறி, சொன்ன மாதிரி உட்கார்ந்தோ நின்றோ, பிள்ளைகள் வரைந்து முடிக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். அதுதான் வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் வெள்ளை அசையமாட்டார். மனித முதுகு எங்கே வளைகிறது, விலா எங்கே தெரிகிறது என்பதை எங்கள் மாணவர்கள் பத்தொன்பது வருஷமாக அவர் உடம்பில்தான் படித்தார்கள்.

ஆனால் ஊழியர் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. பொருட்கள் பதிவேட்டில் இருக்கிறார். எலும்புக்கூடு 1, மாடல் 1, பூ ஜாடி 12. அதையும் எழுதினவன் நான்தான்.

அவருக்கு ஒரே ஆசை, நிரந்தரம். ஒரு ஆர்டர், கழுத்தில் ஒரு அடையாள அட்டை. வீட்டில் அவர் காலேஜ் ஸ்டாஃப் என்றுதான் சொல்லி வைத்திருந்தார். துண்டோடு நிற்கிற கதை மகள் மேகலாவுக்குக்கூடத் தெரியாது. மேகலாவுக்குச் சைதாப்பேட்டையில் ஒரு வரன் வந்திருந்தது. ஒருநாள் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ண ரொம்பப் புட்சிப் போச்சாம் பாய். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்கோ. அப்பா பர்மனென்ட்டான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆயிடும்னு சொல்லிகிறேன். ஆயிடும்ல?"

அந்த வாரமே கடிதம் வந்தது. தேசிய எண்ணிமக் கலைக்கல்வி மன்றம் என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதன் தலைப்புத் தாளில் ஒரே ஒரு கட்டளை: 'நிறுவனம் தனது மாடலுக்கு உரிய பயிற்சி அளித்து, செம்மைப்படுத்தி, நூறு நாட்களுக்குள் நிரந்தரமாக நிறுவி அறிக்கை அனுப்ப வேண்டும்.'

மூன்று தடவை படித்தேன். மாடல். பயிற்சி. நிரந்தரம். குருபிரசாத் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"சமத், இது நம்ம வெள்ளைக்குத்தானே? பத்தொம்போது வருஷமா எழுதிண்டே இருக்கேன். இப்பத்தான் பெருமாள் கண்ணைத் தொறந்திருக்கார்."

வெள்ளைச்சாமி மயிலாப்பூர் குளத்தோரம் போய் ஜாங்கிரி வாங்கிவந்து காவலாளியிலிருந்து கடைசி வருஷ மாணவர்வரை கொடுத்தார். எலும்புக்கூட்டின் கையிலும் யாரோ ஒன்று வைத்தார்கள். சைதாப்பேட்டைக்கு அன்றே போன் போனது. நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

பயிற்சிக்குத் தரமணியில் ஒரு கணினிக் கம்பெனிக்கு வரச்சொன்னார்கள். அதிகாரபூர்வத் துணையாக நானும் போனேன். மந்தைவெளியில் ரயில் ஏறியதிலிருந்தே வெள்ளைச்சாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். அங்கே சாய்சரண் என்று ஒரு இளைஞன் எங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தான்.

"மாடல் எடுத்துட்டு வந்திருக்கீங்களா சார்?"

"வந்திருக்கார்," என்றேன்.

அவன் எங்களுக்குப் பின்னால் பை ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"நான்தான் தம்பி மாடலு," என்றார் வெள்ளை.

"ஓ, மாடல் டீமா நீங்க? எங்க ட்ரெயின் ஆச்சு?"

"மந்தவெளில ஏறினோம்."

"இல்ல சார். ப்ராம்ப்ட் குடுத்தா எவ்ளோ நேரத்துல ரெஸ்பான்ஸ் வருது?"

வெள்ளையின் முகம் மலர்ந்தது. "ப்ராம்ப்ட்டா? அது நமக்குப் பயக்கம்தான் தம்பி. ஷூட்டிங்ல கேமரா பக்கத்துல ஒர்த்தரு நின்னுகினு டயலாக் எட்த்துக் குடுப்பாரு. குட்த்த ஒடனே சொல்லிடுவேன்."

"ஹாலூசினேஷன் உண்டா?"

வெள்ளை என்னைப் பார்த்தார். "இல்லாததை இருக்கறதா சொல்வியான்னு கேக்கறார்," என்று மொழிபெயர்த்தேன். எனக்கும் உத்தேசமாகத்தான் தெரியும்.

"சேச்சே! எம் பொண்ணு மேல சத்தியமா கெடயாது."

சாய்சரண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்துப் போய், "சார், மாடல்னா சாஃப்ட்வேர் சார்," என்றான். நல்ல பையன். சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். வெள்ளையிடம், பயிற்சி இன்னொரு நாளாம் என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

மறுநாள் காலை இயக்குநர் அறையில் கூட்டம். அவர், குருபிரசாத் சார், நான். மன்றத்திலிருந்து விளக்கக் கடிதமும் வந்துவிட்டது. நிரந்தரமாக நிறுவப்பட வேண்டியது கணினியில் உருவாக்கப்படும் மனித உருவம். ஆளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

டாக்டர் ஹம்சினி துளியும் கலங்கவில்லை. "இதை ஏன் தப்புன்னு பாக்கறீங்க? வாய்ப்புன்னு பாருங்க. நம்மகிட்ட பத்தொன்பது வருஷம் அனுபவமுள்ள ஒரு உடம்பு இருக்கு. அதை முழுசா ஸ்கேன் பண்ணி நம்ம மாடலை ட்ரெயின் பண்ணுவோம். இந்தியாவுலயே இப்படி ஒரு டேட்டா யார்கிட்டயும் கிடையாது."

"வெள்ளைக்கு?" என்று குருபிரசாத் சார் கேட்டார். அதைக் கேட்டதற்காக இன்னும் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

"இப்போ சொன்னா அவருக்குத்தான் கஷ்டம். மனசு உடைஞ்சா தோள் இறுகிடும், தோள் இறுகினா டேட்டா கெட்டுடும். அவரோட நலனை நினைச்சுத்தான் சொல்றேன். எனக்கு மனுஷங்கதான் முதல்ல."

குருபிரசாத் சார் ஜன்னலைப் பார்த்தார். "அதுவும் வாஸ்தவம்தான். ரிலாக்ஸ்டா இருந்தாத்தான் ஃபிகர் நன்னா வரும்."

நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். 'சம்பந்தப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கலாம் என முடிவு செய்யப்பட்டது.' உரிய நேரம் என்று எழுதி எந்த நேரமும் வந்து நான் பார்த்ததில்லை. மூன்று பேரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டோம். கோப்பைக் கட்டி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அன்று மத்தியானம் வெள்ளை எனக்கும் சேர்த்து டீ வாங்கிவந்தார். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. "சர்க்கரை கம்மியா இருக்கு," என்றேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து மிச்சமிருக்கிற சர்வீஸை யார் இழப்பார்கள்?

ஸ்கேன் தொடங்கும் முன் இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது, முழுக்க இங்கிலீஷில். தன் உருவம், அங்க அசைவு, ஒவ்வொரு நிலை எல்லாவற்றையும் காலத்துக்கும் மையத்துக்கு விட்டுக்கொடுப்பதாக. கையெழுத்து வேண்டிய இடங்களில் நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன்.

"இதுதான் ஜாய்னிங் பாரமா பாய்?"

"ஒரு மாதிரி அப்படித்தான்."

ஒவ்வொரு பெருக்கல் குறியிலும் நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நாற்பது நாள் ஸ்கேன் நடந்தது. பழைய சிற்பக்கூடத்தைக் காலி செய்து, வட்டமாகத் தொண்ணூறு கேமரா வைத்திருந்தார்கள். நடுவில் வெள்ளை. வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவர் எட்டரைக்கே வந்து எண்ணெய் தேய்த்துத் தயாராக நின்றார். ஐந்தாவது வாரம் ஒரு நிலை வந்தது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில் எடை போட்டு, முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். அவருக்கு அந்தத் தோளில் பழைய அடி உண்டு. முதல் நாள் பாதியில் கை இறங்கிவிட்டது. மறுநாள் தோள் வீங்கியிருந்தது. சாய்சரணே, வேண்டாம் சார், விட்டுடலாம் என்றான்.

குருபிரசாத் சார் போய்ப் பக்கத்தில் நின்று சொன்னார். "வெள்ளை, எனக்காக ஒரே ஒரு தடவை. இந்தத் தோள் தசை, டெல்டாய்ட், உங்ககிட்டதான் இவ்ளோ அழகா விழறது."

"உங்களுக்காக இன்னா சார், நம்ம பர்மனென்ட்டுக்கு நாமதான நிக்கணும்," என்று சிரித்தபடி கையைத் தூக்கினார். முக்கால் மணி நேரம். கடைசிப் பத்து நிமிஷம் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உடம்பு அசையவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் அன்றைய தபாலைப் பிரித்தேன்.

தொடக்க விழாவுக்கு அழைப்பிதழ் அச்சானது. கொட்டை எழுத்தில் 'மாடல் வெள்ளை: நிரந்தர நிறுவுதல் விழா'. அந்தப் பெயரை வைத்தது இயக்குநர். நன்றிக்கடனாம். வெள்ளைச்சாமி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்னும் ஐந்து அழைப்பிதழ் கேட்டார். சைதாப்பேட்டை சம்பந்திகளையும் மேகலாவையும் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். புது வேட்டி, புதுச் சட்டை. "ஆர்டரைக் கைல குடுக்கறப்போ ஒரு போட்டோ எட்துருங்க பாய்," என்று அவர் போனை என்னிடம் கொடுத்தார்.

இயக்குநர் பேசினார். எங்கள் கல்லூரியில் இதுவரை எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு உண்மையை யாரும் பேசியதில்லை.

"நண்பர்களே, கலைக்கல்வியில இருந்த பெரிய தடை என்ன தெரியுமா? மனுஷன். அவனுக்குக் கால் மரத்துப்போகும். டீ கேப்பான். வயசாகும். இன்னிக்கு அந்தத் தடையை நாம மனிதநேயத்தோட நீக்கியிருக்கோம். வெள்ளை அசையாது. வெள்ளைக்குக் கூச்சம் கிடையாது. பத்தாயிரம் மாணவர்கள் ஒரே நேரத்துல வெள்ளையைச் சுத்திச் சுத்திப் பாக்கலாம். முக்கியமா, வெள்ளை நிரந்தரம் வேணும்னு மனு எழுதாது. கேக்காமலே குடுக்கறோம். வெள்ளை இன்று முதல் நிரந்தரம்!"

கைதட்டல் எழுந்தது. வெள்ளைச்சாமிக்குக் கடைசி வாக்கியம்தான் புரிந்தது. எழுந்தார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நடுப்பாதையில் மேடையை நோக்கி நடந்தார். அப்போதுதான் திரை விலகியது.

மூன்று ஆள் உயரத்துக்கு அவர் நின்றார். இடுப்பில் துண்டு மட்டும். வலது கை தலைக்கு மேலே. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முதுகு, விலா, தோளில் இருக்கிற அந்தத் தழும்பு, எல்லாம். சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேகலா குனியவில்லை. கீழே நின்ற அப்பாவையும் மேலே சுற்றிய அப்பாவையும் பார்த்தபடி இருந்தாள்.

புதிதாக வந்திருந்த காவலாளி ஒருவர் ஓடிவந்து வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்தார். "பெரியவரே, உக்காருங்க. பின்னாடி கீறவங்களுக்கு மறைக்குது."

நிரந்தர ஆணை குருபிரசாத் சாரிடம் வழங்கப்பட்டது, மாடலின் காப்பாளர் என்ற முறையில். அவர் கழுத்தில் அடையாள அட்டையும் போட்டார்கள். என் கையில் வெள்ளையின் போன் இருந்தது. நான் போட்டோ எடுக்கவில்லை. சம்பந்திகள் சாப்பிடாமல் போனார்கள்.

விழா முடிந்ததும் ஓவிய வகுப்பில் வெள்ளைச்சாமி குருபிரசாத் சாருக்கு எதிரில் நின்றார். மேகலா அவர் பக்கத்தில். நான் வாசற்படியில்.

"வெள்ளை, இப்படிப் பாருங்கோ," என்று குருபிரசாத் சார் ஆரம்பித்தார். "உங்க ஒடம்பு சாஸ்வதம் ஆயிடுத்து. இந்த பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?"

"சார், ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"என்ன?"

"மாடலுன்னா நான் இல்லன்னு."

குருபிரசாத் சார் கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "மொதல் வாரமே தெரியும்."

"அப்போ அந்தக் கை தூக்குன போஸு?"

"அது... அஞ்சாவது வாரம்."

வெள்ளைச்சாமி தலையாட்டினார். "நீங்க கேட்டீங்கோன்னுதான் சார் நின்னேன்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மேகலா, "வாப்பா போலாம்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்காத கையை. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அலுவலகம் திறந்தபோது வெள்ளைச்சாமி வாசலில் நின்றார். உள்ளே வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மன்றத்துக்கு ஒரு புகார் மனு போட வேண்டுமாம். எழுதித் தரவேண்டுமாம்.

"நம்மாண்ட வார்த்த கெடயாது பாய். நீங்கதான் ஒயுங்கா எய்துவீங்கோ." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. ஒங்களுக்கும் தெரியுமா?"

பீரோ என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும் வெள்ளை? உன்னைப் போலத்தான் நானும். விழாவிலதான் தெரியும்."

"அதான் மேகலாகிட்ட சொன்னேன்," என்றார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாய் அப்டி கெடயாது, அவருக்குத் தெரிஞ்சிருந்தா மொத நாளே என்னாண்ட சொல்லிருப்பாருன்னேன்."

கணினியைத் திறந்து அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். பத்தொன்பது வருஷம், தோள், சைதாப்பேட்டை, எல்லாம். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நியாயத்துக்கு நியாயம் இருக்க வேண்டுமாம், ஒரு நல்ல மனுஷன் பெயர் இதில் கெட்டுவிடக்கூடாதாம். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்த வரியையும் தட்டினேன்:

'இக்கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. அப்துல் சமத் அவர்கள் ஒருவர் தவிர, மற்ற அனைவரும் அறிந்தே என்னை ஏமாற்றினார்கள்.'

பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. அச்செடுத்துக் கொடுத்ததும் நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, சாட்சி என்று இருந்த இடத்தில் விரலை வைத்து என்னையும் போடச் சொன்னார்.

போட்டேன்.